இன்னொரு ஊர்ல ஒரு நகல் - ஒரகடத்திலிருந்து குர்லா வரை

டி.ஆர். என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு டி.ராஜேந்தர் ஞாபகம் வந்திருக்கும். தப்பில்லை :-) ஆனால் இந்தப் பதிவு அவரைப் பற்றியது இல்லை. பொட்டி தட்டுகிறவர்கள் மத்தியில் டி.ஆர். என்றால் டிசாஸ்டர் ரெக்கவரி. ஒரு ஊரில் இருக்கிற சர்வர்கள் தண்ணியிலோ தீயிலோ போய்ச் சேர்ந்தால், இன்னொரு ஊரில் வைத்திருக்கும் நகலைக் கொண்டு கடையைத் திறப்பது. தமிழில் பேரிடர் மீட்பு என்று சொல்லலாம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் படகும் கயிறுமாக வருகிற படைதான் கண்ணுக்குள் வருகிறது. அதனால் டி.ஆர். என்றே எழுதுகிறேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சர்வர் மேய்க்கிறவன். ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட் நேரத்தில் "எந்த டி.ஆர். வாங்கலாம்?" என்று கேள்வி வரும். விற்க வருகிறவர்கள் கலர் கலராகப் படம் காட்டுவார்கள். எல்லாருடைய படத்திலும் ரெண்டு கட்டடம், நடுவில் ஒரு அம்புக்குறி. எல்லாரும் ஒரு பைட் கூட தொலையாது என்பார்கள். எதை நம்புவது?

விளம்பரத்தை விட்டுவிட்டு வரலாற்றைப் பாருங்கள் என்பது என் கட்சி. நம்ம ஊர்ப் பக்கமே கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மூன்று பாடம் நடந்திருக்கிறது. ஒன்று தண்ணீர், ஒன்று புழு, ஒன்று பள்ளம். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கிட்டு வாங்க.

கார் கம்பெனிக்கு சர்வர் எதுக்கு?

1996ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 1998ல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் மூடிவிட்டுப் போனது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012ல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ். இவர்களைச் சுற்றி சிப்காட் பூராவும் சீட், கண்ணாடி, பம்பர், ஒயர் கட்டு என்று சின்னதும் பெரியதுமாக வென்டார்கள்.

இந்த வென்டார்கள் சரக்கை மலை மாதிரி அடுக்கி வைப்பதில்லை. லைனில் கார் எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் சீட் போகவேண்டும். முதலில் வெள்ளைக் கார், பழுப்பு சீட். அடுத்து சிவப்புக் கார், கறுப்பு சீட். இந்த வரிசை கார் கம்பெனி சர்வரிலிருந்து வென்டார் சர்வருக்குச் சில மணி நேரம் முன்னால்தான் வரும். சர்வர் வாய் திறக்கவில்லை என்றால் லாரியில் எதை ஏற்றுவது என்று யாருக்கும் தெரியாது. லைன் நிற்கும். லைன் நின்றால் கம்பெனி பஸ்சில் வந்த ஷிப்ட் அப்படியே திரும்பிப் போகும். வேலை செய்த நாளுக்கு மட்டும் கூலி வாங்குகிற காண்ட்ராக்ட் ஆளுக்கு அன்றைக்குக் கணக்கு பூஜ்யம்.

டி.ஆர். என்பது ஏ.சி. ரூமுக்குள் நடக்கிற சமாசாரம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

லாரியில் போன நகல்

இந்தத் தொழில் ஆரம்பித்தது மெயின்ஃபிரேம் காலத்தில். ராத்திரி எல்லாத்தையும் டேப்பில் ஏற்றி, காலையில் வண்டியில் போட்டு இன்னொரு கட்டடத்துக்கு அனுப்புவது. மெஷின் எரிந்து போனால் டேப் மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? அதே மாதிரி இன்னொரு மெஷின் வேண்டுமே. 1978ல் பிலடெல்பியாவில் சன்கார்டு ஆட்கள் இதையே வியாபாரமாக்கினார்கள். தயாராக ஒரு மெஷினை வைத்துக்கொண்டு, பல கம்பெனிகளிடம் சந்தா வாங்கி, "யாருக்கு ஆபத்தோ அவங்க வந்து பயன்படுத்திக்கலாம்" என்றார்கள். கிட்டத்தட்ட நம்ம ஊர் சீட்டு மாதிரி. எல்லாரும் ஒரே நாளில் கேட்காத வரைக்கும் ஓடும். (மேகக்கணினி வந்த பிறகு இந்தத் தொழில் படுத்து, அதை நடத்திய நிறுவனம் 2022ல் திவால் மனு கொடுத்தது தனிக்கதை.)

ஐ.பி.எம். பயனாளர் சங்கமான ஷேர், 1992ல் டி.ஆரை ஏழு படிகளாகப் பிரித்தது. கீழ்ப்படி: வெளியே நகலே கிடையாது. மேல்படி: தகவல் கொஞ்சங்கூடத் தொலையாது. கீழிருந்து இரண்டாவது படிதான் டேப்பை வண்டியில் அனுப்புவது. மெயின்ஃபிரேம் காரர்கள் அதற்கு 'பிக்கப் டிரக் அக்சஸ் மெதட்' என்று கிண்டலாகப் பேர் வைத்திருந்தார்கள். இந்த லாரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1994 வாக்கில் இ.எம்.சி. போன்றவர்கள் சேமிப்புப் பெட்டிகளே ஒயர் வழியாக ஒன்றையொன்று நகலெடுக்கும்படி செய்தார்கள். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனியின் ஒரே ஜாதிப் பெட்டி வேண்டும். வங்கி வாங்கும். ஒரகடத்து பிரஸ் ஷாப் வாங்குமா?

மெஷின் ஃபைலான கதை

நம்மைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்தது விர்ச்சுவல் மெஷின். ஐ.பி.எம். 1972லேயே செய்து காட்டிய வித்தைதான், ஒரு பெரிய மெஷினுக்குள் பல பொய் மெஷின்கள். 1998ல் தொடங்கிய விஎம்வேர் அதைச் சாதாரண இன்டெல் பெட்டிக்குக் கொண்டு வந்தது. 2001ல் சர்வர்களுக்கான இ.எஸ்.எக்ஸ். 2003ல் ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை நிறுத்தாமலே பக்கத்துப் பெட்டிக்கு மாற்றும் விமோஷன்.

இதில் டி.ஆருக்கு என்ன லாபம்? முன்பு சர்வர் என்றால் இரும்பு. அதே மாடல், அதே கார்டு, அதே டிரைவர் இருந்தால்தான் அடுத்த ஊரில் எழுப்ப முடியும். இப்போது சர்வர் என்பது சில ஃபைல்கள். ஃபைலை எங்கே வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், எந்த பிராண்டு பெட்டியிலும் எழுப்பலாம். 2008ல் விஎம்வேர் சைட் ரெக்கவரி மேனேஜர் வந்தது. எந்த மெஷினை முதலில் எழுப்புவது, எதை அடுத்து என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். வெளியுலகத்தோடு ஒட்டாத தனி நெட்வொர்க்கில் ஒத்திகையும் பார்க்கலாம். மைக்ரோசாப்ட் 2012ல் விண்டோஸ் சர்வரோடு சேர்த்து ஹைப்பர்-வி ரெப்ளிகாவைக் கொடுத்தது. ஏழாவது படி வரைக்கும் ஏற முடியாதவர்கள் கூட மூன்று நாலு படி ஏற முடிந்தது.

2015 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் இந்தியாவில் மூன்று இடத்தில் டேட்டா சென்டர் திறந்தது: புனே, மும்பை, சென்னை. இதில் புனேக்கு ஜோடி ஊர் சென்னை. அதாவது புனேயில் ஏதாவது ஆனால் சென்னையில் நகல். சென்னை, மற்ற ஊர்க்காரர்களின் டி.ஆர். ஊராகிவிட்டது.

சரியாக இரண்டு மாசம் கழித்து வந்தது டிசம்பர் 1.

முதல் பாடம்: தண்ணீர்

2015 டிசம்பர் 1, 2 பற்றி சென்னைவாசிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் விநாடிக்கு 29,000 கன அடி வரை போனது. விமான நிலையம் பல நாள் மூடல். ஹூண்டாய், ரெனோ-நிஸான், ராயல் என்ஃபீல்டு என்று நம்ம பக்கத்து லைன்கள் எல்லாம் நின்றன. 1878ல் தொடங்கிய 'தி ஹிந்து' டிசம்பர் 2 அன்று சென்னையில் வெளிவரவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியவில்லை. அச்சு மெஷின் இருந்தும் பேப்பர் இல்லை.

இதில் ஒரு பூகோள விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் உபரி செம்பரம்பாக்கத்துக்கு வருகிறது. செம்பரம்பாக்கம் திறந்தால் அடையாறு வழியாக ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை என்று போகிறது. அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் "எங்ககிட்ட டி.ஆர். இருக்கு" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் கிண்டிப் பக்கத்து ஹெட் ஆபீசில் ஒரு ரேக் என்று அர்த்தம். படத்தில் ரெண்டு கட்டடம், நடுவில் அம்புக்குறி. தண்ணீருக்கும் அதே அம்புக்குறிதான். மெயின் சர்வரும் டி.ஆர். சர்வரும் ஒரே ஆற்றங்கரையில்!

அம்பத்தூரில் வைத்தால் தப்பிக்கலாமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியது. அதே நேரம் சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஐபோன் உற்பத்தியை நிறுத்தியது. ஒரே மேகம் ரெண்டு இடத்துக்கும் போதும்.

சர்வர் ரூம் மாடியில் இருந்தால் போதும் என்பவர்களுக்கு நியூயார்க் கதை. 2012 அக்டோபரில் சாண்டி புயல். பிராட் தெருவில் ஒரு டேட்டா சென்டர். ஜெனரேட்டர் 17வது மாடியில் பத்திரமாக இருந்தது. ஆனால் டீசல் ஏற்றுகிற பம்ப் பேஸ்மென்டில் மூழ்கிவிட்டது. ஆட்கள் வரிசையாக நின்று வாளி வாளியாக டீசலைப் பதினேழு மாடி ஏற்றினார்கள். நம்ம ஊர்க் குடங்களை விஞ்சிய குடங்கள்.

இன்னொன்று. நம்ம வெள்ளம் வந்தது மாசத்தின் முதல் தேதியில். ஆயிரம் பேருக்குக் குறைவான கம்பெனி என்றால் ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும் என்பது அன்றைய சட்டம். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து அரிசி முதல் டிவி வரை போன ஆளுக்கு அந்த வாரம்தான் பணம் தேவை. சம்பளக் கணக்கு ஓடும் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பது அப்போது ஏட்டுச் சுரைக்காய்க் கேள்வி இல்லை.

எவ்வளவு தூரம் போகலாம்?

சரி, தூரமாப் போயிடலாம், மும்பை, ஹைதராபாத் என்று. அங்கேதான் ஒளியின் வேகம் குறுக்கே வருகிறது.

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். 100 கி.மீ. தள்ளி ஒரு தகவலை அனுப்பி "வந்து சேர்ந்தது" என்று பதில் வாங்க 1 மில்லிவிநாடி. ஒரகடம் - அம்பத்தூர் கணக்கிலேயே வராது. சென்னை - மும்பை சாலைத் தூரம் 1,300 கி.மீ. என்று வைத்தால், நடுவில் ஒரு பெட்டியும் தாமதிக்காவிட்டாலும் 13 மில்லிவிநாடி. நிஜத்தில் இன்னும் அதிகம்.

நகலெடுப்பதில் ரெண்டு வகை. ஒன்று, அங்கே எழுதி முடித்தால்தான் இங்கே எழுதியதாகக் கணக்கு. இதில் எதுவும் தொலையாது. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த 13 மில்லிவிநாடி காத்திருக்கவேண்டும். ரெண்டு கட்டடத்தையும் ஒரே மெஷின் கூட்டம் மாதிரி நடத்தும் ஸ்ட்ரெச்டு கிளஸ்டர் இந்த வகை. விஎம்வேரின் விசானில் ரெண்டு இடத்துக்கும் நடுவில் 5 மில்லிவிநாடிக்கு மேல் போகக்கூடாது. அப்படியென்றால் சென்னைக்கும் மும்பைக்கும் நடுவில் அது நடக்காது. யாராவது விற்க வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, இங்கே எழுதிவிட்டு, அவ்வப்போது சேர்த்து அங்கே அனுப்புவது. ஹைப்பர்-வி ரெப்ளிகாவில் 30 விநாடி, 5 நிமிடம், 15 நிமிடம் என்று தேர்ந்தெடுக்கலாம். தூரம் பிரச்சினை இல்லை. ஆனால் கடைசியாக அனுப்பியதற்குப் பிறகு நடந்தது போச்சு. இந்தத் தொலையும் அளவுக்கு ஆர்.பி.ஓ. என்று பேர். மறுபடி கடை திறக்க ஆகும் நேரத்துக்கு ஆர்.டி.ஓ. (லைசென்ஸ் கொடுக்கிறவர் இல்லை.) கிட்ட இருந்தால் ஒன்றும் தொலையாது, ஆனால் வெள்ளத்தில் ரெண்டும் போகும். எட்ட இருந்தால் வெள்ளம் தொடாது, ஆனால் சில நிமிடம் தொலையும். இரண்டையும் ஒரே பெட்டியில் தருகிறவர் இன்னும் பிறக்கவில்லை.

இரண்டாவது பாடம்: புழு

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வன்னாகிரை என்ற புழு உலகத்தைச் சுற்றியது. சுமார் 150 நாடுகள், ரெண்டு லட்சத்துக்கு மேல் கம்ப்யூட்டர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இத்தனைக்கும் ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. பிரான்சில் ரெனோ ஆலைகள், இங்கிலாந்தில் நிஸானின் சண்டர்லேண்ட் ஆலை என்று பாதிப்பு. ஒரகடம் ரெனோ-நிஸான் ஆலையும் பாதிக்கப்பட்டதாக அந்த வார இறுதியில் செய்தி வந்தது. ஆலைக் கம்ப்யூட்டர்களில் இது ஏன் சுலபமாகப் பரவுகிறது என்று ஆலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு மெஷினோடு வந்த விண்டோஸை, அந்த மெஷின் ஓடுகிற வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் மெஷின் நிற்குமோ என்ற பயம்.

இங்கே 2015ன் பாடம் உதவாது. ஆயிரம் கி.மீ. தள்ளி நகல் இருந்தாலும், இங்கே பூட்டப்பட்ட ஃபைல் 30 விநாடியில் அங்கேயும் பூட்டப்பட்டிருக்கும். நகலெடுக்கும் மென்பொருளுக்கு நல்லது கெட்டது தெரியாது. எழுதியதை எழுதும்.

அடுத்த மாதமே இதற்கு உலகப் பெரிய உதாரணம் கிடைத்தது. ஜூன் 27ல் நாட்பெட்யா. மெர்ஸ்க் கப்பல் கம்பெனியில் யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் டொமைன் கன்ட்ரோலர்கள் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்று எல்லாமே ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருந்தன. எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. தப்பியது ஒன்றே ஒன்று, கானாவில். ஏன் தப்பியது? அன்றைக்கு அங்கே கரண்ட் இல்லை!

நம்ம ஊர் மின்வெட்டைத் திட்டி நாம் எல்லாரும் பதிவு போட்டிருக்கிறோம். அங்கே மின்வெட்டுதான் கம்பெனியைக் காப்பாற்றியது. அந்த கானா மெஷினிலிருந்து தகவலை ஒயரில் அனுப்பினால் பல நாள் ஆகும் என்பதால், ஹார்டு டிஸ்க்கை ஒருவர் நைஜீரியா வரை கொண்டுபோய், இன்னொருவர் வாங்கி இங்கிலாந்துக்குப் பறந்தார். 1992ல் கிண்டலடித்த லாரி, 2017ல் விமானத்தில் போனது :-)

ஓலைச்சுவடிக் காலத்திலேயே இந்தப் பாடம் நமக்குத் தெரியும். ஏடு பழசானால் பார்த்து எழுதுவார்கள். எழுதுகிறவர் செய்த பிழை, அதைப் பார்த்து எழுதுகிற அடுத்தவர் ஏட்டிலும் ஏறும். உ.வே.சா. 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஊர் ஊராக அலைந்தது ஒரு ஏடு கிடைக்காமல் இல்லை. வெவ்வேறு ஊரில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கை எழுதிய ஏடுகளை ஒப்பிட்டால்தான் எது மூலம், எது பிழை என்று தெரியும். நூறு ஏடு இருந்தும் எல்லாம் ஒரே ஏட்டைப் பார்த்து எழுதியது என்றால் நூறும் ஒன்றுதான்.

நகலுக்கு இடத்தில் தூரம் வேண்டும் என்பது தண்ணீர் சொன்னது. காலத்திலும் தூரம் வேண்டும் என்பது புழு சொன்னது. நேற்றைய நகல், போன வார நகல், போன மாச நகல். அதில் ஒன்றாவது யார் பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் அழிக்க முடியாததாக, அல்லது கானா மாதிரி ஒயர் பிடுங்கியதாக.

மூன்றாவது பாடம்: பள்ளம்

இது நடந்தது மும்பையில். ஆனால் கதையில் பாத்திரமாகவே வராமல் போன ஹீரோ நம்ம சென்னை.

தேசியப் பங்குச் சந்தையின் (என்.எஸ்.இ.) மெயின் சர்வர்கள் மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில். சில கி.மீ. தள்ளி குர்லாவில் கிட்டத்து நகல். சென்னையில் தூரத்து டி.ஆர். நான் மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால் பாடப்புத்தக அமைப்பு. கிட்ட ஒன்று, எதுவும் தொலையாமல் இருக்க. எட்ட ஒன்று, ஊரே போனால் எழுந்திருக்க.

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. மறுநாள் எஃப் அண்ட் ஓ எக்ஸ்பைரி. பாந்த்ராவுக்கும் குர்லாவுக்கும் நடுவில் ரெண்டு வேறு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று என்ற கணக்கு. சாலையில் நடந்த தோண்டல், கட்டுமான வேலையில் ரெண்டும் பழுதாயின. அப்போதும் மெயின் சர்வர்கள் ஓடியிருக்கவேண்டும், அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே. ஆனால் நகலோடு பேச முடியாத சேமிப்புப் பெட்டி எதிர்பாராத விதமாக நடந்துகொண்டு, மெயின் சர்வர்களுக்கே கதவைச் சாத்திவிட்டது. கிளியரிங் நிறுவனத்தின் ரிஸ்க் கண்காணிப்பு நின்றது. 11.40க்கு வர்த்தகம் நிறுத்தம். திரும்ப ஆரம்பித்தது மதியம் 3.45க்கு. அன்றைக்கு 5 மணி வரை நடத்தினார்கள்.

நடுவில் நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் சென்னை டி.ஆருக்கு மாறவில்லை. மெயினைச் சரி செய்துதான் திறந்தார்கள். சந்தை எப்போது திறக்கும் என்று தெரியாமல், கையில் இருந்ததை மும்பைப் பங்குச் சந்தையில் கிடைத்த விலைக்குத் தள்ளி நஷ்டப்பட்டவர்கள் உண்டு. பிறகு 2023ல் என்.எஸ்.இ.யும் அதன் கிளியரிங் நிறுவனமும் செபியிடம் 72 கோடி ரூபாய்க்கு மேல் கட்டி விஷயத்தை முடித்துக்கொண்டன.

ஏன் மாறவில்லை என்பதை நம்ம மாதிரி ஆட்கள் புரிந்துகொள்ள முடியும். "இதோ இன்னும் அரை மணியில சரியாயிடும்" என்ற நினைப்பு எந்த சர்வர் ரூமிலும் வரும். டி.ஆருக்குப் போனால் சில நிமிடத் தகவல் தொலையலாம், திரும்பி வருவது பெரும்பாடு. ஒவ்வொரு அரை மணிக்கும் இன்னொரு அரை மணி. எட்டு அரை மணி ஆனால் நாலு மணி நேரம். கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய வசதியின் பட்டனை அமுக்க, ஒரு மனுஷன் "இது பேரிடர்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதைச் சொல்வதுதான் கஷ்டம்.

செபி இதைச் சரியாகப் பிடித்தது. 2021 மார்ச்சில் வந்த விதி புதுப் பெட்டி வாங்கச் சொல்லவில்லை. முக்கிய சிஸ்டம் நின்றால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்கவேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் டி.ஆரில் கடை திறக்கவேண்டும் என்றது. அதாவது யோசிப்பதற்கும் ஒரு கெடு. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, என்.எஸ்.இ. சிறப்பு வர்த்தகம் நடத்தியது. காலையில் 45 நிமிடம் மெயினிலிருந்து, 11.30 முதல் 12.30 வரை டி.ஆர். தளத்திலிருந்து. நிஜப் பணம், நிஜ வியாபாரம். மே 18லும் ஒரு தடவை. பெரிய கம்பெனி ஏதும் பெருமைக்காகச் செய்தது இல்லை இது. சூடு கண்ட பூனை.

திரும்பி வருவது

விற்க வருகிறவர்கள் பேசாத விஷயம் ஒன்று உண்டு. போவது எப்படி என்று சொல்வார்கள். திரும்பி வருவது?

பக்கத்துக் காஞ்சிபுரத்தில் இதற்கு முந்நூறு வருஷப் பழைய சரித்திரம் இருக்கிறது. மொகலாயப் படையெடுப்புக்குப் பயந்து 1688ல் வரதராஜப் பெருமாள் உற்சவரை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். ஆபத்து நீங்கிய பிறகு கேட்டால், உடையார்பாளையத்து ஜமீன் தர மனசு வராமல் மறுத்தார். கடைசியில் ஆத்தான் ஜீயர் வேண்ட, தோடர்மல் படை பலத்தைக் காட்டித்தான் 1710ல் திருப்பிக் கொண்டுவர முடிந்தது. கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. போய்த் திரும்ப இருபத்திரண்டு வருஷம்!

நம்ம விஷயத்தில் ஜமீன் என்பது பேண்ட்வித். 1 டெராபைட்டை 100 எம்.பி.பி.எஸ். லைனில் முழு வேகத்தில் அனுப்பினாலே 22 மணி நேரம். டி.ஆரில் பத்து நாள் ஓடிய பிறகு, அந்தப் பத்து நாள் மாற்றத்தை மட்டும் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா, மொத்தத்தையும் மறுபடி அனுப்பவேண்டுமா என்று முதல் நாளே கேளுங்கள்.

அப்போ எதைத்தான் வாங்கறது?

பிராண்டு சொல்ல மாட்டேன். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, நிரந்தர லைசென்ஸை நிறுத்திச் சந்தாவாக்கிய பிறகு, பிராண்டை நம்பித் திட்டம் போட்டவர்கள் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தோம். நான் சர்வர்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலாவது, ஆலையை விட்டு நகர முடியாதவை. பி.எல்.சி.யோடு பேசுகிறவை, லேபிள் அடிக்கிறவை, லைனில் ஸ்கேன் செய்கிறவை. இவற்றை மும்பையில் எழுப்பி என்ன செய்ய? ஆலை மூழ்கினால் லைனே இல்லை. சர்வர் ரூம் மட்டும் எரிந்தால்தான் இவை வேண்டும். இவற்றுக்கு நகல் அதே காம்பவுண்டில், இன்னொரு கட்டடத்தில், முதல் மாடியில். ஒயர் வேறு பாதையில். ரெண்டு நிறுவனத்திடம் லைன் வாங்கினால் போதாது, ரெண்டும் ஒரே பள்ளத்தில் போகிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள். குர்லா பாடம்.

இரண்டாவது, ஆலை நின்றாலும் நிற்கக்கூடாதவை. சம்பளம், வென்டார் பணம், ஆர்டர், கணக்கு. இவற்றுக்கு வேறு ஊர், 15 நிமிட இடைவெளி நகல் தாராளம். ஆனால் டேட்டாபேஸ் மெஷினும் அப்ளிகேஷன் மெஷினும் ஒரே கணத்து நகலாக இருக்கவேண்டும். ஒன்று 10.05, இன்னொன்று 10.12 என்றால் எழுந்தபிறகு ரெண்டும் சண்டை போடும். எந்த வரிசையில் எழுப்புவது, ஐ.பி. முகவரியை யார் மாற்றுவது எல்லாம் எழுதி வைக்கும் வசதி இந்த வகைக்குக் கட்டாயம்.

மூன்றாவது, தொலைந்தால் திரும்பாதவை. டிராயிங், டை டிசைன், தரச் சோதனை ரெக்கார்டு. இவற்றுக்கு வேகம் வேண்டாம், காலத்தில் தூரம் வேண்டும். மூணு நகல், ரெண்டு விதமான சாதனம், ஒன்று வெளியூரில் என்று ஒரு விதி சொல்வார்கள். அதை எழுதி வைத்தவர் பீட்டர் க்ரோ, ஒரு போட்டோகிராபர். படத்தைத் தொலைத்தால் மறுபடி எடுக்க முடியாது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

எந்த ஊர் என்று கேட்டால், பத்திரமான ஊர் என்று ஒன்று கிடையாது. புனேக்கு நாம் டி.ஆர்., நமக்கு மும்பை டி.ஆர். அந்த மும்பையில் 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 94 செ.மீ. மழை. ரெண்டு ஊரும் ஒரே நாளில் மாட்டக்கூடாது, அவ்வளவுதான் கேட்க முடியும்.

கடைசியாக, எந்தப் படத்திலும் வராத ஒரு வசதி. ஒரு வெள்ளைத்தாள். அதில் ஒரு பேர், ஒரு மாற்றுப் பேர். "இவர் சொன்னால் டி.ஆர்., இத்தனை நிமிடத்துக்குள் சொல்லவேண்டும், சொன்னதற்காக யாரும் அவரைப் பிறகு கேள்வி கேட்கக்கூடாது" என்று முதலாளி கையெழுத்து. செலவு ஒரு ரூபாய் கூட இல்லை. என்னைக் கேட்டால் முதலில் இதை வாங்குங்கள், மற்ற கொட்டேஷன் எல்லாம் பிறகு.

உங்க ஆபீசில் டி.ஆர். ஒத்திகை கடைசியாக எப்போ நடந்தது? அன்றைக்கு நிஜமாகவே மெயினை அணைத்தார்களா, அல்லது அணைத்ததாக நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்களா? கம்பெனி பேர் வேண்டாம், கதை மட்டும் பின்னூட்டத்தில் சொல்லுங்க.